கைமாறிய கண்டிப்பு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் பாதி சுகம் என்று எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இன்னும் லிஃப்ட் சோதனைக்குப் போனால் கூரை மேலெல்லாம் ஏறிப் பார்க்கிறாயா, இல்லை கீழே நின்றே எல்லாரையும் மிரட்டுகிறாயா?

வாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பகல் முழுக்க பள்ளிக்கூடத்திலும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிவாசல் வகுப்பிலும் முப்பது வருஷம் ஓயாமல் பேசிய மனிதர், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்தார். "மூணு மாசம்தான் உங்களுக்கு டைம். தினம் மூணு வேளை நடக்க வைக்கணும். அழுவார், கெஞ்சுவார், நீங்க இளகக் கூடாது. இளகினீங்கன்னா காலு நடக்கிறதையே மறந்துடும்" என்றார். இதைப் போய் என்னிடம் சொல்கிறார் பார்!

முன் அறைக் கட்டிலிலிருந்து சமையலறை வாசல் வரை போய்வந்தால் நாற்பது அடி. முதல் நாள் மூன்றாவது அடியிலேயே வாப்பா கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அவரை உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சூப் கொண்டு வந்தவர், இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு வெட்டுத்துணி கொடுத்துவிட்டுப் போனார், கண்ணைத் துடைத்துக்கொள்ள.

மருந்துக் கடையிலும் இதே லட்சணம்தான். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தூக்க மாத்திரை கேட்டு ஒருவர் கண் கலங்கினார். மாத்திரை கொடுக்கவில்லை, ஆனால் நானும் கூடவே கலங்கிவிட்டேன். முதலாளி எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

நீ இங்கே இருந்திருந்தால் வாப்பா இதற்குள் ஓடியே இருப்பார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை அக்கா. மூன்று மாதத்தில் பதினோரு நாள் போய்விட்டது. துஆ செய். உன் தொண்டையையும் கொஞ்சம் பார்த்துக்கொள், கத்திக் கத்தி வேலை செய்கிறவள்.

உன் தம்பி

*

ஜனவரி 19

என் அழுமூஞ்சித் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னைச் சுற்றி இருக்கிறவர்களுக்குத்தான் குறை. இந்த வாரம் மூன்று லிஃப்டுக்கு சீல் வைத்தேன். ஒரு கட்டடத்துச் செயலாளர், "நீங்க மனுஷி தானா?" என்று கேட்டார். "கயித்துல இழை அறுந்திருக்கு. நான் மனுஷியா இல்லாட்டியும் அது அறுந்துதான் இருக்கும்" என்றேன். ஆபீசில் எனக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர், நீ வீட்டில் வைத்த அதே பெயர். உன் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், இவர்களுக்கே தானாகத் தோன்றியிருக்கிறது.

வாப்பாவைப் பற்றிப் படித்ததும் போய் லீவு கேட்டேன். எனக்கு லீவு கிடைக்க ஆறு மாதம் ஆகும். உனக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. அதனால் வாப்பா வகுப்பில் செய்ததையே செய்யலாம் என்று தோன்றியது.

நபிக்குப் பிறகு ஆட்சி செய்த நாலு கலீஃபாக்களின் அந்தக் குணப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அபூபக்கர் (ரலி) இளகிய மனசு, தொழுகையில் ஓதும்போதே அழுதுவிடுவார்கள். உமர் (ரலி) கண்டிப்பு. உஸ்மான் (ரலி) கூச்சம். அலி (ரலி) துணிவும் அறிவும். "உங்கள்ல யாருக்கு எது?" என்று கேட்டுவிட்டு, வாப்பா பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். என்னைப் பார்த்து, "இவளுக்குக் கேக்கவே வேணாம்" என்பார். உன்னைப் பார்த்தால் கைக்குட்டையை நீட்டுவார். வகுப்பே சிரிக்கும்.

அப்புறம் சீட்டுப் பயிற்சி. எதிரெதிர் குணம் உள்ள இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் உட்கார்ந்து, தன் குணத்தை ஒரு சீட்டில் எழுதி, மடித்து மற்றவன் கையில் வைக்க வேண்டும். ஒரு வாரம் அது சட்டைப் பையில் இருக்கும். அந்த வாரம் அவன் குணம் உனக்கு, உன் குணம் அவனுக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை கையோடு கையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் என்பார். நம் இருவரையும் ஒரு தடவை ஜோடி சேர்த்தார். அந்த வாரம் நான் செத்துப் போன ஒரு பூனைக்காகச் சாப்பிடாமல் கிடந்தேன். நீ கணக்கு வாத்தியாரிடம் நிமிர்ந்து நின்று "முடியாது சார்" என்றாய்.

பிறகு யாரோ இரண்டு பையன்கள் சீட்டைத் திருப்பிக் கொடுக்காமலே ஊர் மாறிப் போய்விட்டார்கள். அதிலிருந்து வாப்பா அந்தப் பயிற்சியையே விட்டுவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். "கண்டிப்பு" என்று எழுதி நாலாக மடித்திருக்கிறேன். சட்டைப் பையில் போட்டுக்கொள். உன்னுடையதை எனக்கு அனுப்பு. விளையாட்டு என்றே வைத்துக்கொள், ஆனால் வாப்பாவை நடக்க வை. இன்ஷா அல்லாஹ் நான் வரும்போது கையோடு கையாக மாற்றிக்கொள்ளலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணீரில் உப்பு போகிறது, அதையும் சேர்த்துச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே இருவரும் நலம். இந்தத் தடவை முழுசாகவே எழுதுகிறேன், நலம்.

உன் சீட்டு திங்கட்கிழமை வந்தது. கடைக்குப் போகும் அவசரத்தில் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து வாப்பாவை எழுப்பி நிறுத்தினேன். மூன்றாவது அடியில் வழக்கம்போல் கண் கலங்கினார். "வாப்பா, நாலாவது" என்றேன். நானே சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். வாப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு நாலாவது அடி வைத்தார். அன்றைக்குப் பதினொன்று. நேற்று இருபத்தாறு!

பிசியோதெரபிஸ்ட் கை கொடுத்தார். தையல்காரம்மா, "உங்களுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா?" என்கிறார். எனக்குள் இல்லை, தபாலில் வந்தது என்று சொன்னேன். சிரித்தார்.

என் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். "இளக்கம்" என்று எழுதும்போது கொஞ்சம் ஈரமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கடைசி அழுகை என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரே ஒரு விஷயம். நான் பையில் சீட்டை வைப்பதை வாப்பா பார்த்துவிட்டார். இடது கையை நீட்டினார். கேட்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, தெரியவில்லை. எப்படியோ, நடக்கிறார் அல்லவா?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அழுதேன். சிரிக்காதே. இருபத்தாறு அடி! வாப்பா காலை இங்கிருந்தே முத்தமிட்டேன் என்று அவரிடம் சொல்.

உன் சீட்டை என் கைப்பையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். என்ன மாயமோ, ஆபீசில் எல்லாரும் என்னோடு டீ குடிக்க வருகிறார்கள். ஒரு லிஃப்ட் மெக்கானிக் தன் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். முன்பெல்லாம் "அதுக்கும் இந்த பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றிருப்பேன். இந்தத் தடவை அவரை உட்கார வைத்து முழுக்கதையும் கேட்டேன். மேலதிகாரி, "ஹெட்மாஸ்டர் ரிடையர் ஆயிட்டாங்க போல" என்று கிண்டல் பண்ணினார். எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் எதற்காக இப்படி விறைத்துக்கொண்டு இருந்தேன்?

என் தெருக்கோடியில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. லிஃப்ட் கயிற்றில் இழைகள் போயிருக்கின்றன. சீல் வைக்கப் போனேன். மூன்றாம் மாடியில் இருக்கும் வயதான அம்மா படியில் இறங்க முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புதுக் கயிறு வர ஒரு மாதம் ஆகுமாம். சரி, அதுவரை ஓடட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது கை ஒரு நொடி தயங்கியது. தயங்கியது நானா, என் கையா என்று தெரியவில்லை.

ஒரு சின்னத் தொந்தரவு. தினமும் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்கிறது, நாள் முழுக்கக் கத்தினது போல. நான்தான் இப்போது கத்துவதே இல்லையே! உன் கடையில் ஏதாவது மாத்திரை இருந்தால் பெயரை எழுது.

உன் கையெழுத்து ரொம்ப அழகாகிவிட்டது, நிமிர்ந்து நிற்கிறது. வாப்பாவுக்கு ஸலாம் சொல்.

அக்கா

*

மார்ச் 5

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருவரும் நலம்.

வாப்பா இப்போது ஒரு வேளைக்கு அறுபது அடி நடக்கிறார். பிசியோதெரபிஸ்ட் நாற்பது போதும் என்றார். அவர் சொன்னது ஆரம்பத்துக்கு. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வாப்பா இப்போது அழுவதில்லை. அழுதால் முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

தையல்காரம்மாவின் சூப்பை நிறுத்திவிட்டேன். அவர் வந்தாலே வாப்பா அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறார்.

தொண்டைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி. லிஃப்ட் விஷயத்தில் நீ செய்தது தவறு.

தம்பி

*

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீயும் வாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை.

அந்த லிஃப்ட் விழுந்துவிட்டது. நேற்று முன்தினம் பகல் பதினோரு மணிக்கு, இரண்டாம் மாடியிலிருந்து. உள்ளே எங்கள் தெருத் தபால்காரர் மட்டும்தான் இருந்தார். மேல்மாடிக்காரர்களுக்குக் கடிதம் கொடுக்கப் போயிருக்கிறார். இரண்டு காலும் முறிந்துவிட்டது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "பரவால்லம்மா, நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தம்பி, நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய், நான் செய்தது தவறு. பத்து வருஷத்தில் நான் இப்படி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. அதைவிட மோசம் ஒன்று சொல்கிறேன். இன்று காலை வேறொரு கட்டடத்துக்குப் போனேன். அங்கேயும் கயிறு போயிருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். "வேண்டாம், பூட்டுங்கள்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காவலாளி என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். வார்த்தை வரவில்லை. வாய்க்குள்ளே தேடினேன் தம்பி. அது இருந்த இடமே இல்லை. கூட வந்த ஜூனியர்தான் சீல் வைத்தார்.

சீட்டைத் திருப்பி அனுப்பு. விளையாட்டுப் போதும். உன்னுடையதை நான் இத்துடன் அனுப்பவில்லை, என்னுடையது வந்தால் அனுப்புகிறேன் என்று எழுத நினைத்தேன். அப்படிப் பேரம் பேசவும் எனக்கு மனசு வரவில்லை, இத்துடனே வைத்துவிட்டேன். ஆனால் உறையில் போட்ட பிறகும் ஒன்றும் மாறவில்லை.

பிசியோதெரபிஸ்டை ஏன் நிறுத்தினாய்? உன்னைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் எழுதிப் பதினெட்டு நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தெருவுக்கு இன்னும் புதுத் தபால்காரர் போடவில்லை, அதனால்தான் என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

உன் கடைக்குப் போன் செய்தேன். "வேலை நேரம். எழுது" என்று வைத்துவிட்டாய். அந்த மூன்று வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உன் குரல்தான். ஆனால் அப்படிச் சொல்வது நான். எத்தனை பேரிடம் அதே மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன்!

உடனே வர வேண்டும் என்று லீவு கேட்டேன். மேலதிகாரி, "இந்த விசாரணை முடியற வரைக்கும் பொறுங்கம்மா, என் நிலைமையையும் யோசிங்க" என்றார். யோசித்தேன். பாவமாக இருந்தது. சரி என்று வந்துவிட்டேன். படியில் இறங்கும்போதுதான் ஐயோ, வாப்பாவுக்காக அல்லவா கேட்கப் போனோம் என்று உறைத்தது. திரும்ப ஏறினேன். கதவுக்கு முன்னால் நின்றேன். அவர் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். திரும்ப இறங்கிவிட்டேன்.

தொண்டை இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை வலிக்கிறது. அசர் நேரத்தில் ரத்தம் வருகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "நிறைய எண்ணுற வேலையா? ஏலம் விடுறீங்களா?" என்று கேட்டார். ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன். விடாமல் எண்ணிக் கத்துகிறவர்களுக்குத்தான் இந்தப் புண் வருமாம்.

வாப்பா எப்படி இருக்கிறார்? அதை மட்டுமாவது எழுது. நீ சரியாகத் தூங்குகிறாயா?

அக்கா

*

ஏப்ரல் 15

மரியாதைக்குரிய தங்கச்சிக்கு,

எதிர்வீட்டுத் தையல்காரி எழுதறேன். ஸலாம். நீங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவா வராது, பேசற மாதிரியே எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க தம்பியை எனக்குச் சின்னப் புள்ளையிலேர்ந்து தெரியும். ஒரு எறும்பு தண்ணியில விழுந்தா எடுத்து விடுற புள்ள. இப்ப எனக்குக் கதவைத் திறக்க மாட்டேங்குது. அடிக்கல, திட்டல. அப்படிப் பொய்யா நான் சொல்லக் கூடாது. "வாப்பா நடக்கிற நேரம்" அப்படின்னு மட்டும் சொல்லிட்டுக் கதவைச் சாத்திடுது. நூறு அடியாம். மூணு வேளை.

நான் மிஷின்ல உக்காந்தா உங்க ஜன்னல் நேரா தெரியும். சாயங்காலம் அசர் பாங்கு முடிஞ்சதும் ஆரம்பிக்கும். மொதல்ல தம்பி குரல்தான் கேக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணு. முப்பது நாப்பதுக்கு மேல போனா அது பொம்பளைக் குரலா மாறிடுது. எனக்கு அந்தக் குரல் தெரியும் தங்கச்சி. நீங்க படிக்கிற காலத்துல தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பீங்களே, அதே குரல். நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சு சந்தோஷமா ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். தம்பி மட்டும்தான் நின்னுச்சு. பின்னால உங்க வாப்பா செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "அக்கா வந்திருக்காங்களா?"ன்னேன். "அவ எதுக்கு வரணும்?"னுச்சு.

நீங்க வரலன்னா வந்தது யாரு? மிஷினை நிறுத்திட்டுக் காதைக் குடுத்துக் கேட்டேன். நீங்கதான்.

போன வாரம் தம்பி கடைக்குப் போன நேரத்துல உங்க வாப்பா ஜன்னலுக்கு வந்து கையைக் காட்டினாரு. கம்பி வழியா ஒரு காகிதம் குடுத்தாரு. கை நெருப்பா சுட்டுச்சு, நல்ல காய்ச்சல். தம்பிகிட்ட சொன்னேன். "தெரியும்"னுச்சு. காகிதத்துல 'மகளே'ன்னு மட்டும் புரிஞ்சுது, மத்தது நான் படிக்கல. இதோட வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க.

தையல்காரி

*

(அதனுள் இருந்த தாள்)

மகளே,

ஸலாம். இடது கையால் எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். நீ நலமாக இருக்க துஆ.

தம்பியை வையாதே. அவன் என்னைத் துன்புறுத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மருந்து. நீ இருந்தால் எப்படிச் செய்வாயோ, அப்படியே செய்கிறான். எனக்கு பயமே அதில்தான்.

மகளே, மனசு நோகாதே. உம்மா மவுத்தான பிறகு உனக்கு வெளியூர் வேலை வந்தபோது நான் மறுக்காமல் அனுப்பினேன். உன் முன்னேற்றத்துக்கு என்று சொன்னேன். அதுமட்டும் இல்லை. என் முடியாத காலத்தில் என் பக்கத்தில் அவன் இருக்க வேண்டும், நீ இல்லை என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. இப்போது நீதான் இருக்கிறாய்.

பாடத்தில் நான் பிழை செய்துவிட்டேன். அபூபக்கர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பொறுப்பு வந்தபோது உறுதியானார்கள். ஆனால் தம் இளக்கத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு உறுதியாகவில்லை. உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் ஏழைகளிடம் இளகினார்கள். தம் கண்டிப்பை யாருக்கும் கொடுத்துவிட்டு இளகவில்லை, அதைத் தம் மேலேயே திருப்பிக்கொண்டார்கள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. நான் பிள்ளைகளிடம் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கச் சொன்னேன். அந்த இரண்டு பையன்களில் ஒருவனை வருஷங்கள் கழித்துப் பார்த்தேன், அவன் குணம் அவனிடம் திரும்பி வரவே இல்லை. அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ நேரில் வர வேண்டும். கையோடு கையாகத்தான் வாங்க முடியும். தபாலில் போனது தபாலில் வராது.

எனக்குக் காய்ச்சல். அவன் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக் காட்டினேன். "நூறு முடியட்டும் வாப்பா" என்றான், உன் குரலில்.

சீக்கிரம் வா.

வாப்பா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம்.

நேற்று அசருக்குப் பிறகு வாப்பா மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அடக்கம் இன்று காலை முடிந்தது. தந்தி கொடுக்கவில்லை. நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அலைச்சல்தான் மிச்சம்.

கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். அறுபத்தெட்டாவது அடியில் உட்கார வேண்டும் என்று கை காட்டினார். முப்பத்திரண்டுதான் பாக்கி என்றேன். எழுபத்தொன்றில் விழுந்தார். நான் எழுப்பி நிறுத்தினேன். எழுபத்திரண்டு வைத்தார். அதற்கு மேல் இல்லை.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன மூன்று மாதத்தில் அவர் நடந்துவிட்டார் என்பதை நீ மறந்துவிடக் கூடாது.

வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. முயன்று பார்த்தேன், கண் காய்ந்து கிடக்கிறது. உன்னிடம் இருக்கிறது. எனக்கும் சேர்த்து நீயே அழுதுவிடு.

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ திருப்பி அனுப்பியதைப் பிரித்துப் பார்த்தேன். வெறும் தாள். எழுத்தே இல்லை. என் பையில் இருப்பதையும் பிரித்தேன். அதுவும் வெறும் தாள்தான். ஆகவே திருப்பித் தர ஒன்றும் இல்லை.

தம்பி

*

மே 5

என் அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீ எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று புதுத் தபால்காரர் வந்தார். ஏழு வாரக் கடிதங்களை நூலால் கட்டி எடுத்து வந்தார். பழையவர் காலை உடைத்துக்கொண்டு படுத்த பிறகு எங்கள் தெருத் தபால் அத்தனையும் ஒரு மூட்டையில் கிடந்திருக்கிறது. உன் கடிதமும் தையல்காரம்மா கடிதமும் ஒரே கட்டில் இருந்தன. உன்னுடையது மேலே இருந்ததால் அதை முதலில் படித்தேன். வாப்பா மவுத்தானதைப் படித்து முடித்த பிறகுதான், வாப்பா "சீக்கிரம் வா" என்று எழுதினதைப் படித்தேன். பதினேழு நாள் அது அந்த மூட்டையில் கிடந்தது. நான் அந்த லிஃப்டைப் பூட்டியிருந்தால் இரண்டே நாளில் என் கைக்கு வந்திருக்கும். அவர் காய்ச்சலோடு நடந்துகொண்டிருந்தபோதே வந்திருக்கும்.

ஏப்ரல் 28, செவ்வாய்க்கிழமை. அன்று அசர் நேரத்தில் என் தொண்டை வலி சட்டென்று நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன் தம்பி.

நீ கேட்டபடி அழுதுகொண்டிருக்கிறேன். நேற்றிலிருந்து நிற்கவில்லை. எனக்கு இவ்வளவு அழுகை கிடையாது, பாதி உன்னுடையதுதான். நீ சின்ன வயதில் விக்கி விக்கி அழுவாயே, நடுநடுவே அந்த விக்கல் வருகிறது. வாப்பா எந்தப் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தார் என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். என்னோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் கடைசி மூன்று மாதம் அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இல்லை, இதை எழுத நான் உட்காரவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. காய்ச்சலில் கை நெருப்பாகச் சுட்ட மனிதரை ஏன் எழுப்பி நிறுத்தினாய்? ஏழு தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தாளிலும் இந்தக் கேள்வியைத் தொடங்கி, வரி முடிவதற்குள், நீயும் பாவம், தனியாக எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்று முடித்திருக்கிறேன். பேனாவை அழுத்திப் பிடித்தும் பார்த்தேன். இந்தத் தாளிலும் அந்த வரிக்குப் பிறகு கை இளகிவிட்டது பார்.

உன் மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் வரவில்லை. வர வேண்டும்டா. வாப்பாவுக்காகக் கோபப்பட இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

களைத்துப் போயிருப்பாய். நன்றாகத் தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

உன் அக்கா